உறுதிமொழிக்கு நீட்டிய கைகள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் மிஸ்களுக்கும்,

போன மாதம் உங்கள் பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு மாலை மரியாதை எல்லாம் செய்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகு விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கபடி, ஓட்டம், மாவட்டப் போட்டி என்று ஏதாவது கேட்பீர்கள், கதை அளக்கலாம் என்று நினைத்து வந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "மேடம், ப்ரேயர்ல ஒரு பொண்ணு உறுதிமொழி சொல்லாம நின்னா நாம இன்னா பண்ணணும்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். ஆயிரம் பிள்ளைகளை ஒரு விசிலில் அடக்குகிறவள் ஏன் இப்படி மழுப்புகிறாள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

மழுப்பவில்லை. அந்தக் கேள்வி என்னை ஒரு காலை நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காலையின் அதிர்ச்சி இன்னும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை.

முதலில் நம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பறை இருக்கிறது. நமக்குக் காலை வழிபாட்டுக் கூட்டம் இருக்கிறது. மேடையில் நின்று "அட்டென்ஷன்" சொல்வது மட்டும்தான் நம் வேலை என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள், செய்யட்டும். அங்கே நின்று நாம் பார்ப்பது பிள்ளைகளின் கால்களை. சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு முதலில் முழங்கால்தான் தளரும். அப்புறம் உதடு வெளுக்கும். அதற்குள் நாம் போய்த் தாங்கிப் பிடித்து நிழலில் உட்கார வைத்துவிட வேண்டும். என் மேசையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் இல்லாத நாளே கிடையாது. யார் வாய் அசைகிறது, யார் வாய் அசையவில்லை என்று நான் பார்த்ததில்லை. அது நம் வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

உறுதிமொழியில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. இந்த நாடு என்னுடையது, இங்கே உள்ளவர்கள் எல்லோரும் என் உடன்பிறந்தவர்கள் என்று தினமும் பிள்ளைகள் சொல்வதில் என்ன தப்பு? பல் தேய்ப்பது போல, நல்ல பழக்கம்தானே என்றுதான் இருந்தேன். அதுவும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு விடுதலை நாள், நமக்கு இரண்டு. ஆகஸ்டில் ஒரு முறை, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் விடுபட்ட நாள் என்று நவம்பரில் ஒரு முறை பீச் ரோட்டில் அணிவகுப்பு. வெயிலில் பயிற்சி கொடுத்து என் தொண்டை போனதும் வருடத்துக்கு இரண்டு முறைதான். தேசபக்தியில் புதுச்சேரி பி.டி. ஆசிரியர்களுக்கு மட்டும் டபுள் டியூட்டி என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் நடந்தது இது. பெரிய மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பெண்கள் பள்ளி எங்களுடையது. எனக்கு உதவியாகப் புதிதாக ஒரு பி.டி. மாஸ்டர் வந்திருந்தார். நல்ல மனிதர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு, வரிசைகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

உறுதிமொழி பாதி ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஸ்பீக்கரில் அவர் குரல் வெடித்தது.

"அந்த மூணாவது லைன், ரெட்டை ஜடை! உன்னைத்தான். கை நீட்ட மாட்டியா? வாய் தொறக்க மாட்டியா? இந்தியா புடிக்கலையா உனக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றது கீர்த்தனா. ப்ளஸ் டூ படிக்கிற பெண். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அவள் அம்மா வளர்மதியும் என் மாணவிதான்.

நம் தொழிலில் புதியவர்கள் செய்கிற தவறு இதுதான். கையில் மைக் இருக்கிறது என்பதை மறந்துவிடுவோம். மைதானத்து ஸ்பீக்கர் தெருவையும் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு ஸ்கூட்டரோடு நின்றிருந்த அம்மாக்களும் ஆட்டோக்காரர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். யாரோ கேட் கம்பிக்கு நடுவே போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். மதிய மணி அடிப்பதற்குள் கீர்த்தனா சும்மா நிற்கிற அந்த வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. மாஸ்டர் கேட்டு முடித்த பிறகு எடுத்ததால், அவர் கேட்ட கேள்வி மட்டும் அதில் இல்லை. "தேசத்தை மதிக்காத மாணவி" என்று மேலே எழுதியிருந்தார்கள்.

கீர்த்தனாவை என் அறைக்குக் கூப்பிட்டேன். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லல? ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல மிஸ். போன வாரம் எனக்கு ப்ரெஞ்ச் பாஸ்போர்ட் வந்துடுச்சு. அப்பா அப்ளை பண்ணி வாங்கிட்டாரு. சிவிக்ஸ் புக்ல ஒரே நேரத்துல ரெண்டு நாட்டுக்குக் குடிமகளா இருக்க முடியாதுன்னு போட்டிருக்கு. அப்ப இது என் நாடுன்னு கை நீட்டிச் சொன்னா அது பொய் இல்லையா மிஸ்?"

விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கீர்த்தனாவின் அப்பா வழி சொல்தா குடும்பம். அதாவது தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவள் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அவர் பிரான்சில் ஏதோ கிடங்கில் வேலை பார்க்கிறார். வளர்மதி அரியாங்குப்பத்தில் தையல் மெஷின் போட்டு மகளோடு இருக்கிறாள். வளர்மதி என்றைக்கும் இந்தியப் பிரஜைதான், ஓட்டு போடுகிறவள். ஒரே வீட்டில் இரண்டு நாடு இருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. பக்கத்து வீட்டிலும் இருக்கும், எதிர் வீட்டிலும் இருக்கும்.

இத்தனை வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்த வரிகளைச் சொல்ல வைத்திருக்கிறேன். அவற்றின் அர்த்தத்தை யோசித்துப் பார்த்து, நான் சொல்லலாமா என்று கேட்ட ஒரே பிள்ளை கீர்த்தனாதான். அவளைத்தான் மரியாதை தெரியாதவள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டாஃப் ரூமில் அன்று மாலை வரை அதே பேச்சு. "இந்த மண்ணுல இருக்கிறவங்க யாரா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்" என்றார் ஒருவர். "குடிமகளே இல்லைங்கிறா, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?" என்றார் இன்னொருவர். "குடிமகனா இருந்தாலும் கட்டாயப்படுத்திச் சொல்ல வெச்சா அது உறுதிமொழியா?" என்று மூன்றாமவர் கேட்டதும் டீ ஆறுகிற அளவுக்குச் சண்டை. மறுநாள் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே கூட்டம் நின்றது. பெற்றோர்கள், ஆட்டோக்காரர்கள், யாரென்றே தெரியாத சில ஆண்கள். கேட் திறந்ததும் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஹெச்.எம். மேடம் என்னைத் தனியாக இழுத்தார். "மேனேஜ்மென்ட்ல இருந்து போன் மேல போன் மிஸ். டி.சி. டைப் பண்ணச் சொல்லிட்டேன். வேற வழி தெரியல" என்றார்.

பொதுத் தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அந்த நேரத்தில் டி.சி. கொடுத்து அனுப்பினால் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. பரீட்சை எழுத முடியாது. புதுச்சேரியிலேயே நர்சிங் படிக்க வேண்டும், அம்மாவை விட்டுப் போகக் கூடாது என்பது அந்தப் பெண்ணின் கனவு. பாஸ்போர்ட் வந்தும் அவள் பிரான்சுக்குப் போக நினைக்கவில்லை. அதை அங்கே யாரிடம் சொல்வது?

கூட்டத்தின் முன்னால் நின்றது சுமதி. அவளும் என் மாணவி. அவள் மகளும் கீர்த்தனாவும் ஒரே பெஞ்ச். இதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: சுமதியும் வளர்மதியும் என் கபடி அணியில் ஒரே மூலையில் ஆடியவர்கள். எதிரணிப் பெண் பாடி வரும்போது ரெண்டு பேரும் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். அந்தப் பிடியை அறுத்துக்கொண்டு போனவர்கள் குறைவு.

"என்னடி சுமதி இது? கீர்த்தனா உன் வூட்டுல சாப்ட்டு வளந்த பொண்ணுடி."

"அதனாலதான் மிஸ் வவுறு எரியுது. இந்த ஊரு சோத்தத் தின்னுட்டு, இந்த நாடு என்னுது இல்லன்னு நின்னா? நீங்க ஒதுங்குங்க மிஸ். ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல."

பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினார். "அவ தாத்தன் ஜூலை பதினாலுக்கு பீச்ல மெடல மாட்டிக்கினு நடந்தவன். ரத்தத்துலயே கீது!"

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான அன்று அந்தத் தாத்தா நடக்கும்போது வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம்தானே. ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டே வாணவேடிக்கை பார்த்தவர்களும் நாம்தானே. ஒரே நாளில் அது குற்றமாகிவிட்டதா?

அந்த நேரம் பார்த்து வளர்மதி மகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். கூட்டம் வழி விட்டது, ஆனால் உரசிக்கொண்டு நுழைகிற அளவுக்குத்தான். "மைக்ல சொல்லச் சொல்லு! இப்பவே, எங்க முன்னாடி சொல்லச் சொல்லு!" என்று ஆரம்பித்தார்கள். வளர்மதி மகளின் கன்னத்தைத் தொட்டுக் கெஞ்சினாள்.

"சொல்லிடுடி கண்ணு. நாலு வரிதான. வாய்தான அசையணும்."

"பொய்யா சொல்லணுமாம்மா?"

வளர்மதி மகளின் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். ஹெச்.எம். என்னைப் பார்த்தார். இளைய மாஸ்டர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் கோபத்தை என்னால் அடக்க முடியாது, ஆனால் கால்களை அடக்க முடியும் என்று தோன்றியது. மைக்கை வாங்கி மேடை ஏறி, கட்டிய தொண்டையோடே குரல் கொடுத்தேன்.

"ஸ்கூல்... அட்டென்ஷன்!"

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குதிகால்கள் ஒட்டின. தொப்பைகள் உள்ளே போயின. என்னிடம் படிக்காத ஆண்கள்கூட நேராக நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"இந்தப் பொண்ணு எப்படிச் சொல்லணும்னு மொதல்ல நீங்க சொல்லிக் காட்டுங்க. உறுதிமொழிக்கு... கை நீட்டு!"

என் கணக்கு இதுதான். இரண்டாவது வரியிலேயே தடுமாறுவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள், யாராவது சிரிப்பார்கள், வெட்கப்பட்டு வீட்டுக்குப் போவார்கள். பெரியவர்கள் யாருக்கு ஐயா அது ஞாபகம் இருக்கப் போகிறது?

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. நான்தானே சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கைகள் தோள் உயரத்துக்கு ஒரே மாதிரி நீண்டிருந்தன. எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்ற இடம் வந்தபோது சத்தம் இன்னும் ஏறியது. வகுப்பறை ஜன்னல்களில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கீர்த்தனா கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் நின்ற மாதிரியே மரியாதையாக நின்றாள். அவள் பக்கத்தில் வளர்மதி, கழுத்து நரம்பு புடைக்க, எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்கும் சேர்த்துச் சொல்வது போல இருந்தது.

கடைசி வரி முடிந்தது. "கை இறக்கு" என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே சுமதியின் நீட்டிய கை கீர்த்தனாவின் பக்கம் திரும்பியது. நாலு விரலை மடக்கி ஒரு விரலை நீட்டினாள்.

"சொல்லிட்டோம் இல்ல? இப்ப அனுப்புங்க இவள வெளிய!"

அவ்வளவுதான். உறுதிமொழிக்கு நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணைக் காட்டின. "வெளிய போ!" "பிரான்சுக்குப் போ!" "டி.சி. குடு!" உடன்பிறந்தவர்கள் என்று சொன்ன வாயில் எச்சில்கூடக் காயவில்லை. யாரோ வீசிய தண்ணீர் பாட்டில் வளர்மதியின் காலடியில் விழுந்து உருண்டது. நான் மேடையிலிருந்து அவர்களைப் பார்த்தேன். இவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். யாருக்கு எந்த முழங்காலில் தழும்பு என்றுகூடத் தெரியும். இவர்கள் யார் என்று மட்டும் அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். உறுதிமொழிக்கு நீட்டியபடியே ஒரே ஒரு கை அசையாமல் இருந்தது. அது வளர்மதியுடைய கை. கத்துகிறவர்களை அவள் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் "கை இறக்கு" சொல்லவில்லை. சொல்லாமல் இறக்கினால் தன்னையும் தேசத்தை மதிக்காதவள் என்று சொல்லிவிடுவார்களோ, மகளின் பரீட்சை போய்விடுமோ என்ற பயம் அந்தக் கண்ணில் அப்படியே தெரிந்தது. இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் நான். மைக் கையில் இருக்கிறது, குரல் வரவில்லை.

கீர்த்தனாதான் திரும்பினாள். அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா. எறக்கு."

வளர்மதிக்கு இறக்கத் தெரியவில்லை. கை விறைத்துப் போயிருந்தது. அந்தப் பெண் மெதுவாக, சுளுக்குப் பிடித்த கையை இறக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டாள். பிறகு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

முன் வரிசையில் சத்தம் நின்றது. சுமதி அதைப் பார்த்தாள். நீட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். அவள் போனதும் பின்னால் இருந்தவர்களும் கலைந்தார்கள். மனம் மாறிப் போனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை, போனார்கள்.

ஹெச்.எம். டி.சி.யைக் கிழித்துப் போட்டார். ஆனால் பரீட்சை வரைக்கும் கீர்த்தனா பள்ளிக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பள்ளியால் அன்று கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். சுமதியின் மகள் தினமும் மாலை பஸ் பிடித்து அரியாங்குப்பம் போய் நோட்ஸ் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தா, தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. கீர்த்தனா பரீட்சை எழுதினாள், நல்ல மார்க் வாங்கினாள், இப்போது நர்சிங் படிக்கிறாள். சுமதியும் வளர்மதியும் இன்றுவரை பேசுவதில்லை. இளைய மாஸ்டர் அதற்கப்புறம் மைக்கைத் தொடும்போதெல்லாம் முதலில் தெருப் பக்கம் பார்ப்பார்.

கடைசி வரிசையில் எழுந்து கேட்டவரே, உங்களுக்கு என் பதில் இதுதான். ஒன்றும் செய்யாதீர்கள். சொல்கிற பிள்ளை சொல்லட்டும், சொல்லாத பிள்ளை மரியாதையாக நின்றால் போதும். காரணம் கேட்க வேண்டும் என்றால் தனியாகக் கூப்பிட்டு, மைக் இல்லாமல், உட்கார வைத்துக் கேளுங்கள். பெரியவர்களும் உறுதிமொழி சொல்லியே ஆக வேண்டுமா என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். விருப்பப்பட்டவர்கள் தாராளமாகச் சொல்லட்டும், நானும் குடியரசு நாளில் பீச்சுக்குப் போய்க் கை நீட்டிச் சொல்கிறேன். ஆனால் சொன்னவரெல்லாம் நல்லவர், சொல்லாதவரெல்லாம் கெட்டவர் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னவர்களை நான் ஒரு மைதானம் நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் கால்களைப் பாருங்கள். மயங்கி விழப் போகிற பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

போன வாரம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது வளர்மதியைப் பார்த்தேன். மகளைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். விலை கேட்டாள், பேரம் பேசினாள், எனக்கும் சேர்த்து நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். கிளம்பும்போது சட்டென்று நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ், அன்னைக்கு நான் சத்தமாத்தான சொன்னேன்? மேடைக்குக் கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சிடி. எல்லாருக்கும் மேல ஒன் சத்தம்தான் கேட்டுச்சு."

"அது போதும் மிஸ்" என்று நிம்மதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.